பள்ளியில் பிள்ளையைப் பிடித்து அடக்குவதற்கும் தனியறையில் விடுவதற்கும் விதிமுறை உண்டா?

செங்காங் அம்மா

எல்லாருக்கும் வணக்கம். என் இளைய மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ளவன். பேச்சு மிகக் குறைவு. பட அட்டையைக் காட்டியோ என் கையைப் பிடித்து இழுத்தோதான் வேண்டியதைக் கேட்பான். இங்கே சிங்கப்பூரில் சிறப்புக் கல்விப் பள்ளி ஒன்றில் படிக்கிறான். பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை, யாரும் கேட்க வேண்டாம். அவனை அங்கிருந்து எடுத்துவிடும் எண்ணமும் எனக்கு இல்லை. தானாகச் சட்டைப் பொத்தான் போடக் கற்றதும், கழிவறைக்குப் போகவேண்டும் என்று அட்டையை எடுத்து நீட்டக் கற்றதும் அந்தப் பள்ளியில்தான்.

அவன் பையில் தினமும் ஒரு தொடர்புப் புத்தகம் வரும். என்ன சாப்பிட்டான், எதில் ஆர்வம் காட்டினான் என்று வகுப்பாசிரியை இரண்டொரு வரி எழுதி அனுப்புவார். தேசிய தினக் கொண்டாட்டத்துக்காக மண்டபத்தில் ஒத்திகை தொடங்கியதிலிருந்து அந்தப் புத்தகத்தில் ஒரு புதிய வாசகம் அடிக்கடி தென்படுகிறது: "இன்று அமைதி அறையில் சிறிது நேரம் இருந்தான்." எதற்காக இருந்தான், எவ்வளவு நேரம், கூட யார் இருந்தார்கள் என்று ஒன்றும் இல்லை.

போன வாரம் குளிப்பாட்டும்போது பார்த்தேன். வலது மேல்கையின் வெளிப்பக்கத்தில் விரல்கள் பதிந்த மாதிரி வரிசையாகக் கன்றிப்போயிருந்தது. உட்பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு இன்னொரு தடம். என் விரல்களை மேலே வைத்துப் பார்த்தேன். என் கையைவிடப் பெரிய கை. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

மறுநாள் ஆசிரியையிடம் பேசினேன். ஒத்திகையின்போது மண்டபத்திலிருந்து ஓடப் பார்த்தானாம், குறுக்கே நின்ற ஒரு சிறுமியைத் தள்ளிவிட்டானாம். இரண்டு பேர் பிடித்து அமைதி அறைக்கு அழைத்துப் போனார்களாம். "எல்லாருடைய பாதுகாப்புக்காகத்தான் செய்தோம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நான் அவரை நான்கு ஆண்டுகளாகப் பார்க்கிறேன், என் பிள்ளையை விரும்புகிறவர். ஆனால் என் பிள்ளை இப்போது வீட்டில் எந்தக் கதவையும் சாத்த விடுவதில்லை. முன்பெல்லாம் குளியலறைக் கதவைத் தானே சாத்திக்கொண்டு தண்ணீரில் விளையாடுவான். இப்போது கதவு பாதி நகர்ந்தாலே அலறுகிறான்.

என் கணவர், இதைப் பெரிதாக்கினால் பள்ளிக்கு நம்மேல் கசப்பு வரும், இடம் கிடைப்பதே அரிது என்கிறார். மாமியார், ஆசிரியர் எது செய்தாலும் நன்மைக்குத்தான் என்கிறார். எனக்குச் சண்டை வேண்டாம். விதி என்ன என்பது மட்டும் தெரிய வேண்டும். எந்தச் சூழ்நிலையில் பிள்ளையைப் பிடிக்கலாம்? எப்படிப் பிடிக்கலாம்? அறையில் விட்டால் கதவைச் சாத்தலாமா? அன்றைக்கே பெற்றோரிடம் சொல்லியாக வேண்டுமா? இவை எங்காவது எழுத்தில் இருக்கின்றனவா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

---

பிடோக் பெரியவர்

அம்மா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா? என் மகள் இத்தகைய பள்ளி ஒன்றில் உதவியாசிரியை. அவளுடைய முன்கையில் பல்தடம் இருக்கிறது. ஆறிப்போனாலும் வெள்ளையாகத் தெரியும். தலைமுடியைப் பிடித்து இழுத்ததில் கழுத்து சுளுக்கி ஒரு வாரம் பட்டை கட்டியிருந்தாள். வகுப்பில் எட்டுப் பிள்ளைகள், பெரியவர்கள் இரண்டே பேர். ஒரு பிள்ளை சாலையை நோக்கி ஓடினால் பிடிக்காமல் என்ன செய்வார்கள்? பிடிக்காமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கும் ஆசிரியரைத்தானே கேட்போம்?

எங்கள் காலத்தில் பிரம்படி வாங்கினோம், வீட்டில் சொன்னால் இன்னொன்று விழும். அது சரியென்று வாதாட வரவில்லை. ஆனால் இன்று ஓர் ஆசிரியர் பிள்ளையைத் தொடுவதற்கே அஞ்சுகிறார், அதுவும் பிள்ளைக்கு நல்லதில்லை.

ஒரு தகவல், உங்களுக்குப் பயன்படலாம். என் மகள் கடிபட்டாலோ அடிபட்டாலோ அன்றைக்கே ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். எந்த நேரம், எந்த இடம், அதற்கு முன் என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று எல்லாம் அதில் உண்டு. உங்கள் பள்ளியிலும் அப்படி ஒன்று இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

---

சிறப்புக் கல்வி ஆசிரியை

செங்காங் சகோதரிக்கு வணக்கம். நெடுங்காலமாகச் சிறப்புக் கல்விப் பள்ளியில் பணியாற்றுகிறேன். பிள்ளைகளைப் பாதுகாப்பாகப் பிடிப்பதில் பயிற்சி பெற்றவள், புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவள். ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் வேலையாகப் பிள்ளையை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பலதுறை மருந்தகமோ உங்கள் குடும்ப மருத்துவரோ, யாராக இருந்தாலும் போதும். யார்மேலும் குற்றம் சாட்டுவதற்கு அன்று; தடத்தின் அளவும் நிறமும் தேதியோடு மருத்துவக் குறிப்பில் ஏற வேண்டும். பேசத் தெரியாத பிள்ளைக்குத் தோள்பட்டையில் வலி இருந்தாலும் நமக்குச் சொல்லத் தெரியாது. அதையும் பார்த்துவிடுவார்கள்.

இனி விதிக்கு வருகிறேன். பிரம்படிக்கு நம் நாட்டில் மிகத் தெளிவான விதி இருக்கிறது. பள்ளிகளுக்கான கல்வி ஒழுங்குவிதிகளின்படி மாணவியரை அடிக்கவே கூடாது. மாணவர்களை இலேசான பிரம்பால், உள்ளங்கையிலோ உடைக்கு மேலாகப் பிட்டத்திலோ மட்டுமே அடிக்கலாம். அதையும் முதல்வரோ அவருடைய வெளிப்படையான அனுமதி பெற்றவரோதான் செய்யலாம். வேறு எந்த வகை உடல் தண்டனைக்கும் இடமில்லை. பிரம்பு இலேசாக இருக்க வேண்டும் என்பது வரை யோசித்து எழுதிய அந்த ஒழுங்குவிதிகளில், ஒரு பிள்ளையை இரண்டு பெரியவர்கள் பிடித்துத் தூக்கிச் செல்வது பற்றித் தனியாக ஒரு பத்தி கிடையாது. இது என் மனத்தை நெடுநாளாக அரித்துக்கொண்டிருக்கும் விஷயம். தவறு செய்யும் பிள்ளைக்கு எழுதப்பட்ட காப்பு இருக்கிறது. அச்சத்தால் ஓடும் பிள்ளைக்கும் அது எழுத்தில் வேண்டும்.

அதனால் சட்டமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். தண்டனைச் சட்டத்தின் 339ஆம் பிரிவு ஒருவரை முறையின்றித் தடுத்து நிறுத்துவதைப் பற்றியும், 340ஆம் பிரிவு முறையின்றி ஓர் எல்லைக்குள் அடைத்து வைப்பதைப் பற்றியும் பேசுகின்றன. பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதைச் சிறுவர், இளையர் சட்டம் குற்றமாக்குகிறது. அதே சமயம், பெரிய ஆபத்தைத் தடுப்பதற்காக நல்லெண்ணத்தோடு செய்யும் செயலுக்கும் சட்டம் இடம் தருகிறது. சாலையை நோக்கி ஓடும் பிள்ளையைப் பிடித்த ஆசிரியரை எந்தச் சட்டமும் தண்டிக்காது, பிடோக் ஐயா. உங்கள் மகள் அச்சமில்லாமல் பணியாற்ற வேண்டும் என்பதற்காகவும்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எப்போது தொடலாம், எப்போது கூடாது என்று தெளிவாகத் தெரிந்த ஆசிரியர்தான் அச்சமில்லாமல் இருக்க முடியும்.

எப்போது பிடிக்கலாம்? நாங்கள் சொல்லிக்கொடுப்பது இது: பிள்ளைக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ அந்தக் கணமே உடலில் காயம் ஏற்படப் போகிறது, வேறு வழி பலிக்கவில்லை என்றால் மட்டும். சொல் கேட்கவில்லை, உட்காரவில்லை, பொருளைத் தூக்கி எறிந்தான், மற்றவர்கள் பாடம் கெடுகிறது என்பவை காரணமாகா. ஆபத்து நீங்கிய நொடியே கையை எடுத்துவிட வேண்டும். பிடிப்பது ஒருவர் அல்லது இருவர் என்றால், பிடிக்காமல் நின்று பார்ப்பதற்கென்றே இன்னொருவர் வேண்டும். பிள்ளையின் முகநிறமும் மூச்சும் கடிகாரமும் அவர் பொறுப்பு. ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் அது முன்கூட்டியே அவனுடைய கோப்பில் இருக்க வேண்டும்.

எப்படிப் பிடிப்பது என்பதில் உயிரே இருக்கிறது. நின்றபடி அல்லது உட்கார்ந்தபடி, பக்கவாட்டில் நின்று, உள்ளங்கையை அகல வைத்து முன்கையைத் தாங்குவது ஒரு முறை. விரல்களை இறுக்கி மேல்கையைக் கவ்வுவதை நாங்கள் சொல்லிக்கொடுப்பதில்லை. நீங்கள் விவரித்த தடம் அப்படிக் கவ்வி இழுத்தால் வரும் தடம். கெட்ட எண்ணத்துக்கு அது சான்று ஆகாது. பயிற்சி இல்லாதவர், அல்லது பயிற்சி மறந்துபோகும் அளவுக்குப் பதறியவர் பிடித்தார் என்றே நான் சொல்வேன். குப்புறப் படுக்கவைப்பது எக்காரணத்துக்காகவும் கூடாது. முதுகில் பாரம் விழுந்தால் நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல் மூச்சு அடைபடும். பிள்ளை கத்துகிறானே, அப்படியானால் மூச்சு விடுகிறான் என்று நினைப்பார்கள். கத்துவதற்குக் கொஞ்சம் காற்று போதும். உயிர் பிழைக்க அது போதாது. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் இப்படி இறந்திருக்கிறார்கள். 2009இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையில் அந்த மரணங்கள் பதிவாகியுள்ளன.

அறை பற்றி. அமைதி அறை என்பது நல்ல ஏற்பாடு, எங்கள் பள்ளியிலும் உண்டு. மங்கலான விளக்கு, பாரமான போர்வை, ஒரு மூலையில் உட்கார மென்மையான பீன்பேக் மெத்தை. சில பிள்ளைகள் "ஓய்வு" அட்டையை நீட்டித் தாங்களாகவே அங்கே போவார்கள். போகத் தெரிந்துகொள்வதை ஒரு பெரிய வெற்றியாகக் கொண்டாடுவோம். அந்தப் பிள்ளை எழுந்து வெளியே வர நினைத்தால் வரலாம் என்பதுதான் அந்த அறையின் உயிர். வர முடியாது என்றால் அது அடைப்பு. 2015இல் கன்பராவில் ஒரு பள்ளி, வகுப்பறைக்கு உள்ளேயே ஆட்டிசம் உள்ள சிறுவனுக்காக ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீள அகலத்தில் நீச்சல்குள வேலிக் கம்பிகளால் ஒரு கூண்டு அமைத்தது. அதைச் செய்தவர்களும் பிள்ளை அமைதியாக ஒதுங்கியிருக்க ஓர் இடம் என்றுதான் எண்ணினார்கள். எண்ணம் நல்லதாக இருந்தால் போதும் என்று நினைக்கும் யாரும் அந்தச் செய்தியைத் தேடிப் படிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, ஒத்திகை. ஒலிபெருக்கி அலறும் மண்டபம், இருநூறு பிள்ளைகள், வழக்கமான கால அட்டவணை கலைந்துபோன காலை. ஆட்டிசம் உள்ள பிள்ளை அங்கிருந்து ஓடுவது ஒழுங்கீனம் அன்று. அவனுக்குத் தெரிந்த ஒரே மொழியில் "என்னால் தாங்க முடியவில்லை" என்று சொல்கிறான். ஒருமுறை பிடித்ததற்குக் காரணம் இருக்கலாம். அதே மண்டபம், அதே ஒத்திகை, அடிக்கடி அதே அறை என்றால், ஒவ்வொரு முறையும் நெருக்கடி வரும் என்று தெரிந்தே பிள்ளையை அதற்குள் அனுப்புகிறார்கள். காதுமூடி அணிவித்தார்களா? கதவோரம் உட்கார வைத்தார்களா? கடைசிப் பாட்டுக்கு மட்டும் அழைத்துப் போகலாமே? ஒத்திகைக்கே போகாமல் வகுப்பில் கொடி வரைந்தால் அவன் நாட்டுப்பற்று குறைந்துவிடாது.

ஆகவே பள்ளியிடம் நீங்கள் கேட்க வேண்டியது: பிள்ளைகளைப் பிடிப்பது, தனியே விடுவது பற்றிய பள்ளியின் எழுத்துமூல நடைமுறை, மகனைப் பிடித்த ஒவ்வொரு முறைக்குமான பதிவு, அவனுடைய நடத்தை ஆதரவுத் திட்டத்தில் இது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது. தயங்காதீர்கள். சிறப்புக் கல்விப் பள்ளிகளைச் சமூக சேவை அமைப்புகள் நடத்தினாலும் கல்வி அமைச்சு நிதி தருகிறது. 2019இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து, மிதமானது முதல் கடுமையானது வரையிலான சிறப்புத் தேவை உள்ளவர்களும் கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் வந்துவிட்டார்கள். பிள்ளையை அனுப்புவது நம் கடமை என்று சட்டம் சொல்லும்போது, அனுப்பிய பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அறிவது நம் உரிமை. இடத்துக்காக அஞ்ச வேண்டியதில்லை என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

---

ஈசூன் தந்தை

என் மகளும் ஆட்டிசம் உள்ளவள். வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்தோம், அவள் அங்கே அரசுப் பள்ளியில் படித்தாள். எழுத்தில் விதி இருந்தால் என்ன மாற்றம் என்பதை நேரில் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்கா முழுவதற்குமான சட்டம் இதில் கிடையாது. பல ஆண்டுகளாக மசோதா கொண்டுவருகிறார்கள், நிறைவேறவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். 2017-18 கல்வியாண்டில் நாடு முழுவதும் ஏறத்தாழ 102,000 மாணவர்கள் பிடித்து அடக்கப்பட்டோ அறையில் அடைக்கப்பட்டோ இருந்ததாக அவர்களுடைய கல்வித்துறையே கணக்குக் காட்டியது. மொத்த மாணவர்களில் உடற்குறை அல்லது சிறப்புத் தேவை உள்ளவர்கள் 13 விழுக்காடு. ஆனால் உடலைப் பிடித்து அடக்கப்பட்டவர்களில் அவர்கள் 80 விழுக்காடு. முரட்டுப் பிள்ளைகளுக்கான நடைமுறை என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நம் பிள்ளைகளைப் போன்றவர்கள்மேல்தான் போய் விழுகிறது.

மாசசூசெட்ஸில் 2016 முதல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, பிடிப்பது கடைசி வழி, தண்டனையாகப் பிடிக்கவே கூடாது. இருபது நிமிடத்தைத் தாண்டினால் முதல்வரின் அனுமதி வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பெற்றோரிடம் வாய்மொழியாகச் சொல்ல முயல வேண்டும், மூன்று பள்ளி நாள்களுக்குள் எழுத்துமூல அறிக்கை அனுப்ப வேண்டும். பள்ளி வழக்கமாக அந்தக் குடும்பத்துக்கு வேறு மொழியில் தேர்ச்சி அறிக்கை அனுப்புமானால், இந்த அறிக்கையும் அதே மொழியில் இருக்க வேண்டும். பாட்டியும் தாத்தாவும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். தமிழில் ஒரு தாள் வந்தால் உங்கள் மாமியார் என்ன சொல்வார்?

எங்களுக்கு அப்படி ஓர் அறிக்கை வந்தது. மகள் ஜன்னல் கண்ணாடியில் தலையை மோதிக்கொண்டாள், இருவர் பிடித்தார்கள். அதற்கு முன் என்னென்ன செய்து பார்த்தார்கள், எந்த நிமிடம் தொடங்கியது, எப்போது விட்டார்கள், செவிலியர் பார்த்தாரா என்று எல்லாம் அதில் இருந்தது. அன்று காலை பள்ளிப் பேருந்தில் புதிய ஓட்டுநர் என்பதும் இருந்தது. அதைப் படித்துத்தான் காரணம் எங்களுக்குப் பிடிபட்டது. மறுவாரம் புதிய ஓட்டுநரின் படத்தை அவளுக்கு முன்கூட்டியே காட்டினோம். பிறகு அப்படி நடக்கவில்லை. அறிக்கை இல்லையென்றால் "இன்று சற்றுச் சிரமப்பட்டாள்" என்ற ஒரு வரியோடு போயிருக்கும்.

கதவைப் பற்றிக் கேட்டீர்கள். நியூசிலாந்து 2017இல் பள்ளிகளில் பிள்ளையை அறையில் அடைப்பதைச் சட்டப்படியே தடைசெய்துவிட்டது. அந்தச் சட்டம் தரும் விளக்கம் எனக்குப் பிடித்தது. பிள்ளையால் வெளியே வர முடியாத அறை மட்டுமல்ல, வெளியே வர முடியாது என்று பிள்ளை நம்பும் அறையும் அடைப்புதான். பூட்டு இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பதில்லை, பிள்ளைக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலமும் 2010இல் தடைசெய்தது. அதற்கு முன் 2004இல் அங்கே 13 வயதுச் சிறுவன் ஒருவன் தனியறையில் இறந்துபோனான். ஒரு பிள்ளை இறந்த பிறகுதான் விதி எழுத வேண்டும் என்பதில்லை.

இங்கே பாலர் பள்ளிகளில் 2024 ஜூலை முதல் கண்காணிப்புக் கேமரா கட்டாயம் ஆனது. நல்லதே. ஆனால் கேமரா காட்சியை யாராவது கேட்டால்தான் பார்ப்பார்கள். அறிக்கை கேட்காமலே வீடு தேடி வரும்.

---

செங்காங் அம்மா

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. மருத்துவரிடம் காட்டிவிட்டேன், எலும்பிலோ தோளிலோ கோளாறு இல்லை, குறிப்பு எழுதிக் கொடுத்தார். நேற்றுப் பள்ளிக்குப் போனோம். கணவரும் வந்தார். துணை முதல்வர், வகுப்பாசிரியை, பள்ளியின் மனவியல் நிபுணர் ஆகியோர் இருந்தார்கள். மரியாதையாகவே பேசினார்கள்.

பிடோக் ஐயா சொன்னதை நினைவில் வைத்துக் கேட்டேன். ஊழியருக்குக் காயம் என்றால் நிரப்பும் படிவம் இருக்கிறது, இரண்டு பக்கம். அதே ஒத்திகை நாளில் ஓர் உதவியாசிரியைக்கு மணிக்கட்டில் நகக்கீறல் பட்டதற்கு அது நிரப்பப்பட்டிருந்தது. என் மகன் பெயரை மறைத்துக் காட்டினார்கள். என் மகனுக்கென்று என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு வகுப்பு நாட்குறிப்பைத் திறந்தார்கள். "அமைதி அறை, 10.20." அவ்வளவுதான். எப்போது வெளியே வந்தான் என்பது இல்லை. என் கணவர் அதுவரை பேசவே இல்லை. அதைப் பார்த்ததும், "இரண்டுமே ஒரே சம்பவம்தானே?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

அறையைப் பார்க்க வேண்டும் என்றேன். மாடிப்படிக்குப் பக்கத்தில் சின்ன அறை. சுவரில் நீல மெத்தை, தரை சுத்தமாக இருந்தது. கதவில் ஒரு கண்ணாடிப் பட்டை இருந்தது. வெளியில் நிற்கும் பெரியவர் உள்ளே பார்க்கலாம். நான் தரையில் உட்கார்ந்தேன், என் மகன் அப்படித்தான் உட்காருவான். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடி வழியே கூரைவிளக்கு மட்டும்தான் தெரிகிறது. பூட்டுவதே இல்லை, தாழ்ப்பாளும் கிடையாது என்று துணை முதல்வர் சொன்னார். உண்மைதான். ஆனால் உள்பக்கத்தில் உருண்டைக் கைப்பிடி. எங்கள் வீட்டில் எல்லாக் கதவுகளுக்கும் அழுத்தித் திறக்கும் நீளப் பிடி. உருண்டைப் பிடியைத் திருப்ப என் மகனுக்கு வராது. தண்ணீர்ப் புட்டியின் மூடியைக்கூட இன்னும் என்னிடம்தான் நீட்டுவான். பூட்டாத அறைக்குள் அவன் பூட்டப்பட்டிருந்தான். கதவுக்கு வெளியே நின்றவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவன் கைப்பிடியைத் தடவிப் பார்த்திருப்பான் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. வகுப்பாசிரியையின் கண்களும் கலங்கிவிட்டன.

கைப்பிடியை மாற்றுவதாகச் சொன்னார்கள். பெரியவர் ஒருவர் உள்ளேயே கூட இருப்பார் என்றார்கள். கொண்டாட்டம் முடியும்வரை ஒத்திகைக்குப் பதிலாக வகுப்பில் இருப்பான், விருப்பமிருந்தால் காதுமூடியோடு கதவோரம் நிற்பான். இவையெல்லாம் நல்ல முடிவுகள், நன்றியோடு ஏற்றுக்கொண்டேன். எழுத்துமூல அறிக்கைக்கு மட்டும் இசையவில்லை. நடந்தால் அன்றே தொலைபேசியில் சொல்கிறோம், தாள் வேலை கூடினால் ஆசிரியர்கள் பிள்ளைகளோடு இருக்கும் நேரம் குறையும் என்கிறார்கள். கணவர், இவ்வளவு செய்தார்களே, இதோடு விடலாமா என்று கேட்கிறார். விடலாமா?

---

பிடோக் பெரியவர்

விடாதீர்கள் அம்மா. கீறலுக்கு இரண்டு பக்கம் எழுத நேரம் இருக்கிறது என்றால் இதற்கும் இருக்கும். மகளிடம் நேற்றிரவு இதைப் பற்றிப் பேசினேன். தன்னைக் காப்பதும் அந்தத் தாள்தான் என்கிறாள். பிள்ளையைப் பிடித்ததற்குக் காரணம் என்ன என்று ஒரு மாதம் கழித்து யாராவது கேட்டால், அவள் நினைவை யார் நம்புவார்கள்?

---

சிறப்புக் கல்வி ஆசிரியை

கைப்பிடியைக் கண்டுபிடித்தது நீங்கள் தரையில் உட்கார்ந்ததால். எங்கள் பள்ளி அறையின் கதவை இன்று காலையே போய்ப் பார்த்தேன்.

அறிக்கையை விட்டுக்கொடுக்காதீர்கள், சகோதரி. தொலைபேசியில் சொன்னது யார் காதிலும் தங்காது. அடுத்த ஆண்டு வகுப்பாசிரியர் மாறினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். தாள் வேலை என்ற கவலையும் நியாயமானதே, அதனால் சுருக்கமாகக் கேளுங்கள். புதிய படிவம் வேண்டாம். ஊழியர் காயப் படிவத்திலேயே பிள்ளைக்கும் ஒரு பகுதி சேர்த்து, உங்களுக்கு ஒரு நகல் தந்தால் போதும். தனிநபர் கல்வித் திட்டக் கூட்டம் வரும்போது நடத்தை ஆதரவுத் திட்டத்தில் கீழ்க்கண்டவாறு சேர்க்கச் சொல்லுங்கள், சொற்களை உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்:

"மாணவருக்கோ மற்றவருக்கோ உடனடிக் காயம் ஏற்படும் நிலையில் மட்டுமே, பயிற்சி பெற்ற ஊழியர் மாணவரைப் பிடிக்கலாம். குப்புறப் படுக்கவைக்கக் கூடாது, மேல்கையைப் பற்றி இழுக்கக் கூடாது. அமைதி அறையில் மாணவர் தனியாக விடப்படமாட்டார். கதவு அவரால் திறக்கக்கூடியதாக இருக்கும். ஒவ்வொரு முறையும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முன்பு நடந்தது, உடனிருந்தவர்கள், உடலில் தடம் உண்டா என்பவை அன்றே எழுதப்பட்டுப் பெற்றோருக்கு அனுப்பப்படும். ஒரே காரணத்துக்காக இரண்டாம் முறை நடந்தால் ஒரு வாரத்துக்குள் பெற்றோருடன் கூட்டம் நடைபெறும்."

முதலில் முதல்வருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். நேற்று ஒப்புக்கொண்டவற்றை வரிசையாகக் குறிப்பிட்டு நன்றி சொல்லிவிட்டு, இந்தப் பத்தியை இணையுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் பள்ளியை நடத்தும் அமைப்பின் நிர்வாகக் குழுவுக்கும், அதன் பிறகு கல்வி அமைச்சின் சிறப்புத் தேவைக் கல்விப் பிரிவுக்கும் எழுதலாம். உங்கள் மகனின் வகுப்பில் மற்ற பெற்றோரும் இருப்பார்கள். அவர்களிடமும் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். கடிதத்தில் நான்கைந்து குடும்பங்களின் கையெழுத்து இருந்தால், உங்கள் வகுப்பாசிரியைக்கே தன் மேலதிகாரியிடம் கூடுதல் ஆள் கேட்க அது உதவும்.

வீட்டுக் கதவுகளை இப்போதைக்குத் திறந்தே வையுங்கள். அவன் தானாகச் சாத்தும்வரை யாரும் சாத்த வேண்டாம்.